வேலையா, உரிமமா, சொந்தப் பட்டறையா? மலையில் ஒரு இயந்திரம் செய்தவர் முன்னால் இருக்கும் மூன்று வழிகள்

"மாமா, வேலையில இருந்துக்கிட்டே கம்பெனிக்கு இதைக் காட்டட்டுமா? இல்ல, டிசைனை யாருக்காவது உரிமம் போட்டுக் கொடுத்துடட்டுமா? இல்ல, நானே பட்டறை போட்டுடட்டுமா?"

கேட்டவள் என் அக்கா மகள். மெக்கானிக்கல் படித்துவிட்டு கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கேத்தியில் தெரிந்தவர் ஒருவரின் கேரட் கழுவும் இடத்திலேயே உட்கார்ந்து, தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஒரு கழுவும் இயந்திரத்தைச் செய்து ஓட்டியும் காட்டிவிட்டாள். பார்த்தவர்கள் விலை கேட்கிறார்கள். இதே கேள்வியோடு குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் இன்னும் பல பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால், அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். தேயிலை ஃபேக்டரிகளில் மெயின்டனன்ஸ் பார்த்தே தலை நரைத்தவன் நான். என் பார்வையில் அந்தப் பக்கச் சாய்வு இருக்கத்தான் செய்யும்.

முதலில் இயந்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். கேத்தி பள்ளத்தாக்கில் இரவில் டார்ச் வெளிச்சத்தில் கேரட் பிடுங்குவார்கள். விடிவதற்குள் கழுவி, மூட்டை கட்டி, லாரி ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பியாக வேண்டும். கழுவுவது ஒரு சுற்றும் டிரம். உள்ளே கேரட் ஒன்றோடொன்று உரசிப் புரள, மேலே குழாயிலிருந்து தண்ணீர் அடிக்கும். செம்மண் கரைந்து ஓடும் நீர் அப்படியே ஓடையில் போய்ச் சேரும். இதில் அவள் செய்தது, டிரம்முக்கு அடியில் சாய்ந்த தட்டுகள் அடுக்கிய ஒரு தொட்டி. நம் மண்ணின் களி அவ்வளவு மெல்லியது, சாதாரணத் தொட்டியில் படிய நெடுநேரம் எடுக்கும். தட்டுகளை நெருக்கமாகச் சாய்த்து வைத்தால் ஒவ்வொரு துகளும் கொஞ்ச தூரம் இறங்கினாலே தட்டில் உட்கார்ந்துவிடும், பிறகு சரிந்து கீழே போகும். இது உலகம் முழுக்க நீர் சுத்திகரிப்பில் இருக்கும் பழைய முறைதான். அவளுடைய புதுமை வேறு. தட்டில் ஒட்டிய சேற்றை நிறுத்திக் கழுவ வேண்டாம், டிரம் சுற்றும்போதே ஒரு நெம்பு தட்டுகளை விட்டு விட்டுத் தட்டிவிடும், சேறு தானே வழுக்கி இறங்கும். கடைசி அலசலுக்கு மட்டும் புதுத் தண்ணீர். அதை விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் சுழலும் அழுக்கு நீரில் அழுகல் நோய்க் கிருமி ஒரு மூட்டையிலிருந்து எல்லா மூட்டைக்கும் பரவிவிடும்.

இந்த நெம்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வழிகளையும் இதை வைத்துத்தான் எடை போடப் போகிறேன்.

எந்த வழியானாலும் முதலில் செய்ய வேண்டியது

விற்பதற்கும் கண்காட்சியில் வைப்பதற்கும் முன்னால் காப்புரிமை விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். ஊரறிய விற்ற பிறகு "இது புதிது" என்று சொல்லிக்கொண்டு போனால் எடுபடாது. எல்லாம் முடிந்த பிறகுதான் போட வேண்டும் என்றும் இல்லை. தற்காலிக விவரக்குறிப்போடு, அதாவது கண்டுபிடிப்பு என்ன என்ற முதல்கட்ட விளக்கத்தோடு போட்டு வைத்துவிட்டு, 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்கலாம். தனிநபர் ஆன்லைனில் போட அரசுக் கட்டணம் 1,600 ரூபாய், விண்ணப்பத்தைக் காப்புரிமை அலுவலகம் பரிசோதிக்கக் கேட்க 4,000 ரூபாய். பரிசோதனை விண்ணப்பத்துக்கு முன்பு 48 மாதம் அவகாசம் இருந்தது, 2024 விதிகளில் அதை 31 மாதமாகக் குறைத்துவிட்டார்கள். ஏஜென்ட் கட்டணம் தனி, உண்மையான செலவு அங்கேதான். கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் உண்டு.

விவசாய முறைக்குக் காப்புரிமை கிடையாது என்று 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு சொல்வதைப் படித்துவிட்டுப் பலர் பயந்துபோகிறார்கள். அது சாகுபடி முறைக்குத்தான், விவசாயத்துக்குப் பயன்படும் இயந்திரத்துக்கு அல்ல. ஆனால் அதே பிரிவு, தெரிந்த பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி வைப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்றும் சொல்கிறது. டிரம் பழசு, சாய்தட்டு பழசு. "கேரட் கழுவும் இயந்திரம்" என்று மொத்தத்துக்கும் உரிமை கேட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். டிரம்மின் சுழற்சியே தட்டுகளைச் சுத்தம் செய்கிறது என்ற அந்த ஒரு இணைப்பைக் கேட்டால் நிற்க வாய்ப்பு இருக்கிறது.

இன்னொன்று, பணி நியமனக் கடிதத்தை எடுத்து வரி விடாமல் படிக்க வேண்டும். ஊழியர் கண்டுபிடித்தது யாருக்குச் சொந்தம் என்று நம் காப்புரிமைச் சட்டம் தனியாக எதுவும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தான் பேசும். "பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே" என்று ஒரு வரி இருந்தால், கேத்தியில் ஞாயிற்றுக்கிழமை செய்ததும் அதற்குள் வருமா என்று வக்கீலிடம் கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். தண்ணீரைச் சுழற்றும் இயந்திரம், பம்பு கம்பெனி வேலை: இரண்டும் அவ்வளவு தூரத்தில் இல்லை.

வேலையிலேயே இருப்பது

இதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் ஊட்டி மலை ரயிலின் கதையே இதற்குச் சாட்சி. செங்குத்தான மலையில் ரயில் வழுக்காமல் ஏற நடுவில் போடும் பல் தண்டவாளத்துக்கு ஐரோப்பாவில் வழி திறந்தவர் நிக்லாஸ் ரிக்கன்பாக். அவர் சுவிட்சர்லாந்தின் ஓல்டனில் ஒரு ரயில்வே கம்பெனியின் பணிமனைக்குத் தலைவராக மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு இருந்தார். 1863-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். வாங்கியும் என்ன, மலையேறும் ரயிலை நம்பிப் பணம் போட ஆள் இல்லை. அதற்குள் அமெரிக்காவில் சில்வெஸ்டர் மார்ஷ் என்பவர் மவுன்ட் வாஷிங்டனில் 1869-லேயே பல்சக்கர ரயிலை ஓட்டிவிட்டார். ரிக்கன்பாக்கின் ரிகி மலை ரயில் ஓடியது 1871-ல். காப்புரிமைக்கும் முதல் ரயிலுக்கும் நடுவே எட்டு ஆண்டு. அந்த எட்டு ஆண்டும் வீட்டில் அடுப்பு எரிந்தது பணிமனைச் சம்பளத்தில். வரைபடத்தை உலோகமாக்கிப் பார்க்கக் கையருகில் கடைசல் இயந்திரமும் ஃபிட்டரும் இருந்ததும் அந்த வேலையால்தான்.

இன்றைக்கும் வேலை தரும் பெரிய லாபம் அதுதான். ஒரு இயந்திரம் எங்கெல்லாம் உடையும் என்று அடுத்தவர் செலவில் கற்றுக்கொள்ளலாம். என் மருமகளுக்குத் தண்ணீர் புகாத சீல் எப்படிப் போடுவது என்று தெரிந்ததே பம்பு கம்பெனியில்தான்.

ஆனால் கம்பெனியிடமே இந்த இயந்திரத்தைக் கொடுப்பது என்றால் நான் சம்மதிக்க மாட்டேன். ஆண்டுக்கு லட்சக்கணக்கில் பம்பு விற்கும் இடத்தில், நீலகிரிக்கும் கொடைக்கானல் மேல்மலைக்கும் மட்டும் வேண்டிய ஒரு கழுவும் டிரம்முக்கு யார் தனி லைன் போடுவார்கள்? கோப்பில் உறங்கிவிடும். கண்டுபிடித்தவர் என்று காப்புரிமையில் அவள் பெயர் வரும், சட்டம் அதற்கு இடம் தருகிறது. கேத்தி ஓடையில் சேறு கலப்பது மட்டும் நிற்காது. ஆக, வேலை வேண்டும், கம்பெனி வழி வேண்டாம் என்பது என் கணக்கு.

உரிமம் கொடுப்பது: ரோமன் ஆப்ட் காட்டிய வழி

குன்னூர் ஸ்டேஷனை ஒட்டி மலை இறங்கும் பாதையில், தண்டவாளங்களுக்கு நடுவே பாருங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் ஓடி வரும் பல் தண்டவாளம் அங்கே தெரியும். இரண்டு பட்டைகள், பக்கத்தில் பக்கத்தில். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். எஞ்சினின் பல்சக்கரம் ஒரு பல்லை விடும்போதே அடுத்த பட்டையின் பல்லில் பாதி கடித்திருக்கும், பிடி அறுவதே இல்லை. 12.28 அடிக்கு ஓரடி ஏறும் சரிவில் ரயில் வழுக்காமல் நிற்பது இந்த ஏற்பாட்டால்தான். இது ரிக்கன்பாக்கின் வடிவம் அல்ல. அவருடையது ஏணி மாதிரி: இரண்டு சட்டங்களுக்கு நடுவே குறுக்குக் கம்பிகள். செய்யச் செலவு அதிகம், வளைவுகளில் அமைப்பதும் சிரமம்.

இந்த இரட்டைப் பட்டை ரோமன் ஆப்ட் என்பவருடையது. 1850-ல் பிறந்தவர். ஓல்டன் பணிமனையில் ரிக்கன்பாக்கின் கீழேயே வேலை பார்த்தவர். குருவின் ஏணி எங்கே மடங்குகிறது, எங்கே செலவு வைக்கிறது என்று கைப்பட பார்த்தவர். 1882-ல் தன் பட்டைக்குக் காப்புரிமை வாங்கினார். அதே 1882-ல்தான் ரிக்கன்பாக் அரசு அழைப்பின் பேரில் நீலகிரிக்கு வந்து மலை ரயிலுக்கு மதிப்பீடு கொடுத்தார். கடைசியில் 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்தபோது தரையில் கிடந்தது சீடனின் பல்.

ஆப்டிடம் நான் கவனிப்பது அவர் எதை விட்டுவிட்டார் என்பதை. ரயிலை உரிமை கேட்கவில்லை. பல்லை மட்டும் கேட்டார். முதலில் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையில் 1885-ல் ஓடியது. பிறகு அமெரிக்காவின் பைக்ஸ் பீக், சுவிட்சர்லாந்தின் கோர்னர்கிராட், வேல்ஸின் ஸ்னோடன், நம் நீலகிரி என்று 70-க்கும் மேற்பட்ட பாதைகள். இத்தனை நாட்டுக்கும் எஞ்சின் செய்யும் தொழிற்சாலையை அவரே கட்டியிருந்தால் ஒரு நாட்டைத் தாண்டியிருக்க முடியாது. நம் மலை ரயிலை இழுக்கும் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களைச் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் இருந்த எஞ்சின் கம்பெனி செய்தது. நான்கு சிலிண்டர். சாதாரணப் பாதையில் இரண்டு மட்டும் வேலை செய்யும், பல் பாதைக்குள் வந்ததும் அந்த இரண்டில் வேலை முடித்த நீராவியே மற்ற இரண்டுக்கும் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். அது வேறு மூளைகளின் வேலை, ஆப்ட் அதில் கை வைக்கவில்லை.

தேயிலையிலும் இப்படி ஒருவர் உண்டு. அசாமில் தேயிலை உருட்டும் இயந்திரங்களை உருவாக்கிய வில்லியம் ஜாக்சன், அவற்றைச் செய்து விற்கும் பொறுப்பை இங்கிலாந்தின் மார்ஷல் கம்பெனியிடம் விட்டார். அவர் அடுத்த இயந்திரத்தை யோசிக்கப் போய்விட்டார்.

என் மருமகளின் நெம்பும் தட்டும் ஆப்டின் பல்லைப் போலத்தான். அதைக் கோயம்புத்தூரில் ஏற்கெனவே விவசாயக் கருவி செய்யும் ஒரு பட்டறைக்கு உரிமம் கொடுத்தால், டிரம், மோட்டார், ஸ்டாண்டு எல்லாம் அவர்கள் பாடு. தகடு வளைக்கும் மெஷின் அவர்களிடம் இருக்கிறது, கடன் வாங்க வேண்டாம்.

இதில் ஆபத்து ஒப்பந்தத்தில் இருக்கிறது. உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம், வாய்ப்பேச்சு நிற்காது. மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு கைகழுவுவதை நான் விரும்பவில்லை. ஒரு இயந்திரத்துக்கு இவ்வளவு என்று ராயல்டி, விற்றாலும் விற்காவிட்டாலும் ஆண்டுக்குக் குறைந்தபட்சத் தொகை, குறிப்பிட்ட காலத்துக்குள் உற்பத்தி தொடங்காவிட்டால் உரிமம் திரும்ப அவளுக்கே. இந்த மூன்றாவது வரிக்காகச் சண்டையே போடலாம். போட்டி வராமல் இருக்க உரிமத்தை வாங்கிப் பூட்டி வைப்பவர்களும் உண்டு. தட்டுகளுக்கு எந்தத் தரத் தகடு, எத்தனை கேஜ் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். மெல்லிய தகட்டில் செய்து கொடுத்தால் நெம்பு தட்டித் தட்டியே ஒரு சீசனில் ஓட்டை விழும். பெயர் கெடுவது அவளுக்கு.

சொந்தப் பட்டறை

மனசுக்கு மிகவும் பிடித்த வழி இதுதான் என்பதை மறைக்கவில்லை. இதற்கும் தேயிலையிலிருந்தே ஒருவரைச் சொல்கிறேன். சாமுவேல் டேவிட்சன், அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்காரர். ஊரில் பொறியாளரிடம் தொழில் பழகிவிட்டு, 1864-ல் அசாம் பக்கம் கச்சார் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். அன்று இலையைக் கரி அடுப்பின் மேல் வைத்து உலர்த்துவார்கள். அந்தப் புகையும் வீணும் பொறுக்காமல் சூடான காற்றில் உலர்த்தும் இயந்திரம் செய்தார். முதலில் பெல்ஃபாஸ்டில் வேறொரு பட்டறையில் செய்வித்துப் பார்த்தார். பிறகு 1881-ல் அங்கேயே சிராக்கோ ஒர்க்ஸ் என்ற சொந்தத் தொழிற்சாலையைத் தொடங்கினார்.

உலர்த்திக்குக் காற்றைத் தள்ள ஒரு விசிறி வேண்டும் அல்லவா? அந்த விசிறியைச் செம்மைப்படுத்திக்கொண்டே போனவர், 1898-ல் இதழ்கள் முன்னோக்கி வளைந்த மையவிலக்கு விசிறிக்குக் காப்புரிமை வாங்கினார். அது சுரங்கத்துக்கும் கப்பலுக்கும் போனது. தேயிலையில் தொடங்கிய கம்பெனியை உலகம் விசிறிக் கம்பெனியாகத் தெரிந்துகொண்டது. உரிமம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றிருந்தால் அந்த விசிறி அவர் கண்ணில் பட்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. தினமும் தன் இயந்திரம் செய்யும் இடத்தில் நிற்பவருக்குத்தான் இரண்டாவது கண்டுபிடிப்பு கிடைக்கும். சொந்தப் பட்டறைக்கு ஆதரவாக எத்தனை காரணம் சொன்னாலும் இதற்கு ஈடாகாது.

பணம் கிடைக்காதா என்றால், கிடைக்கும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரையிலான திட்டம் போடலாம். பெண்களுக்கு ஊரகப் பகுதியில் 35% மானியம், சொந்தப் பங்கு 5% போதும். புதுத் தொழில்முனைவோருக்கான மாநில அரசின் நீட்ஸ் (NEEDS) திட்டத்தில் 25% மூலதன மானியமும் 3% வட்டி மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். மானியம் போக மிச்சம் வங்கிக் கடன்தான் என்பதை மறக்காமல் கேட்க வேண்டும்.

ஆனால் எங்கே போடுவது? மேலே என்றால், தகடு, ஷாஃப்ட், பேரிங், மோட்டார் எல்லாம் கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வர வேண்டும். செய்த இயந்திரம் கொடைக்கானலுக்குப் போக மறுபடி இறங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் பட்டறைக்குப் பொருள் வராது. தட்டையான நிலம் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் கட்டட அனுமதி சமவெளி மாதிரி சுலபம் இல்லை. நல்ல வெல்டர் கோயம்புத்தூர் கூலிக்குப் போய்விடுகிறார். பட்டறை கீழேதான் நிற்கும், அதாவது கோவையில் இன்னொரு பட்டறை.

அதைவிடப் பெரிய கேள்வி சந்தை. இயந்திரத்தை வாங்கப்போவது தனித்தனி விவசாயி அல்ல. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலிக்குக் கழுவிக் கொடுப்பவர்களும் சில வியாபாரிகளும்தான். கேத்தி, முத்தோரை, கொடைக்கானல் பக்கம் மன்னவனூர் என்று விரல்விட்டு எண்ணிப் போகக்கூடிய இடங்கள். ஒருமுறை வாங்கினால் பல ஆண்டு ஓடும். முதல் இரண்டு ஆண்டு ஆர்டர் வரும், மூன்றாம் ஆண்டு பட்டறை சும்மா கிடக்கும், கடன் தவணை சும்மா கிடக்காது. கேரட் விலை விழுந்த ஆண்டில் வாங்கியவரும் பாக்கி வைப்பார். பட்டறை பிழைக்க இரண்டாவது பொருள் வேண்டும். கூடலூர், வயநாட்டு இஞ்சி கழுவுவது ஒரு வாய்ப்பு. ஆனால் இஞ்சியின் விரல்களுக்கு இடையே இருக்கும் மண் டிரம்மில் உரசிப் போகாது, வேகத் தண்ணீர் அடிக்க வேண்டும். அது வேறு டிசைன், இன்னும் வரைபடத்தில்கூட இல்லை. நம் மலை ரயிலே இதற்கு எச்சரிக்கை. 1891-ல் வேலை தொடங்கிய கம்பெனி சில ஆண்டில் திவாலாகி, இன்னொரு கம்பெனி ஏற்றுத்தான் பாதை முடிந்தது. தொழில்நுட்பத்தில் தவறில்லை, பணம் மலையேறும் வேகத்துக்குத் தாங்கவில்லை.

காப்பி அடிப்பார்கள் என்ற பயத்தை நான் அவ்வளவு பெரிதாக எடுக்கவில்லை. 1955-ல் கோயம்புத்தூரில் சபாபதி வெட் கிரைண்டர் செய்தார். பிறகு எத்தனையோ பட்டறைகள் செய்யத் தொடங்கின, ஊருக்கே அது ஒரு தொழிலாக நின்றது. காப்புரிமை இருந்தாலும் மீறியவரைக் கோர்ட்டுக்கு இழுக்கும் பணமும் ஆண்டுகளும் தனி ஒருத்தியிடம் இருக்காது. காப்புரிமை அவளுக்கு உதவப்போவது மேசையில் உட்கார்ந்து ராயல்டி பேசும்போது.

மூன்றையும் பிரிக்கும் கேள்வி

விடியற்காலை மூன்று மணிக்கு டிரம் நின்றுவிட்டால் யாருக்கு போன் போகும்? மலையில் இயந்திரம் வாங்குபவர் முதலில் கேட்பது இதைத்தான். விலை பிறகு. கேத்தியில் அவள் இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தேன். பேரிங் ஹவுசிங்கின் சீல் ஓரத்தில் மாவு மாதிரி மணல் ஏறியிருந்தது. அது உள்ளே போனால் கிரீஸோடு கலந்து அரைக்க ஆரம்பிக்கும், பேரிங் சத்தம் கொடுக்கும், பிறகு ஒரு இரவு இறுகி நின்றுவிடும். லாரி காத்திருக்காது. கழுவாத கேரட்டோடு மண்டிக்குப் போனால் விலையில் அடி. கோயம்புத்தூரிலிருந்து ஆள் வருவதற்குள் பகல் ஆகிவிடும்.

சி.டி.சி. என்ற தூள் தேயிலையைப் பாருங்கள். அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் கொண்டுவந்த இயந்திரம் அது. பல் வெட்டிய இரண்டு உருளை, ஒன்று மெதுவாக, மற்றது ஏறத்தாழ பத்து மடங்கு வேகமாக எதிரெதிரே சுற்றி இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும். பல் மழுங்கினால் தூள் கெடும். அதனால் உருளையைக் கழற்றி, மீண்டும் பல் தீட்டிக் கொடுக்கும் வேலை ஓயாமல் இருக்கிறது. உருளை விற்றவர் ஒருமுறை சம்பாதித்தார். தீட்டுபவர் ஆண்டு முழுக்கச் சம்பாதிக்கிறார், ஃபேக்டரியில் என்ன கோளாறு என்பதும் அவருக்குத்தான் முதலில் தெரியும். மலை ரயிலும் இன்று ஓடுவது ஆப்டின் காப்புரிமையால் அல்ல, அது காலாவதியாகி எத்தனையோ காலம். விண்டர்தூரில் அந்த எஞ்சின் கம்பெனியும் இல்லை. குன்னூர் ஷெட்டில் பழுதுபார்க்கத் தெரிந்த கைகள் இருந்தன, திருச்சி பொன்மலைப் பணிமனை புது எக்ஸ் எஞ்சின்களையே கட்டிக் கொடுத்தது. அதனால் ஓடுகிறது.

ஆகவே நான் அவளுக்குச் சொன்னது: செய்வதைக் கீழே விடு, பழுதுபார்ப்பதை மேலே உன்னிடம் வை. உரிமம் கொடு, ஆனால் நீலகிரி, பழனி மலை இரண்டிலும் பொருத்துவதும் சர்வீஸும் உதிரிபாகமும் உன் உரிமை என்று ஒப்பந்தத்தில் எழுது. நெம்பும் தட்டுகளும் உன்னிடமிருந்துதான் பட்டறைக்குப் போக வேண்டும், டிரம் அவர்கள் செய்யட்டும். இதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம். கேத்தியிலோ குன்னூரிலோ ஒரு ஷட்டர் கடை, ஒரு வெல்டிங் செட், கேத்திப் பையன்கள் இரண்டு பேருக்குப் பயிற்சி, ரேக்கில் பேரிங்கும் சீலும். டேவிட்சனுக்குக் கிடைத்த அந்த இரண்டாவது கண்டுபிடிப்பும் இந்தக் கடையிலேயே கிடைக்கும், ஏனென்றால் உடைந்த பாகம் எல்லாம் முதலில் அந்த மேசைக்குத்தான் வரும்.

வேலையை உடனே விடச் சொல்லவில்லை. பணி ஒப்பந்தம் தடையாக இருந்தால் மட்டும், விண்ணப்பம் போடும் முன்பே கம்பெனியிடம் எழுத்தில் ஒரு கடிதம் வாங்க வேண்டும். தராவிட்டால் அப்போது வேலையை மாற்றிக்கொள்ளட்டும். மற்றபடி இரண்டு சீசன், மழையும் வெயிலுமாக, மூன்று நான்கு இயந்திரம் வெவ்வேறு இடத்தில் ஓடட்டும். சில தோட்டங்களில் மும்முனை மின்சாரம் இல்லை, ஒருமுனையில் அந்த மோட்டார் இழுக்குமா என்பது அதற்குள் தெரிந்துவிடும். அரசு மானியத்தில் விற்க ஆசை இருந்தால் சோதனைச் சான்று வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பண்ணை இயந்திரச் சோதனை மையம் இருக்கிறது. உரிமம் வாங்குபவர் செலவிலேயே அதை எடுக்க வேண்டும் என்பதும் பேச்சில் வரட்டும்.

என் பதில் மாறக்கூடிய இடம் இரண்டு. இஞ்சிக்கான டிசைன் உண்மையிலேயே ஓட ஆரம்பித்து, கூடலூரிலிருந்தும் வயநாட்டிலிருந்தும் முன்பணத்தோடு ஆர்டர் வந்தால், சொந்தப் பட்டறைக்கு மேட்டுப்பாளையமோ காரமடையோ பார்க்கலாம். அப்போது சந்தை மலையோடு நிற்காது. மாறாக, சர்வீஸ் உரிமையை விட்டுக்கொடுக்க எந்தப் பட்டறையும் சம்மதிக்காவிட்டால், உரிமமே வேண்டாம். ஆர்டருக்கு ஒன்று என்று பாகங்களை வெளியே செய்வித்து, கேத்தியில் பூட்டி விற்கட்டும். ஆண்டுக்கு நான்கைந்துதான் போகும். போதும், சம்பளம் கையில் இருக்கும்வரை.